நீரை இறைக்க வந்த நீராவி

மரக்கப்பலின் ஆயுளை அதன் அடிப்பலகைதான் தீர்மானித்தது. பாய் கிழிந்தால் தைத்துவிடலாம். பாய்மரம் முறிந்தால் நடுக்கடலிலேயே மாற்றிக் கட்டலாம். நீர்மட்டத்துக்குக் கீழே என்ன நடக்கிறதென்று மாலுமி பார்க்கக்கூட முடியாது. புழுவைப் போல நீண்டு வளரும் ஒரு சிப்பியினம் பலகையைத் துளைத்து உள்ளுக்குள்ளேயே கூடாக்கிவிடும். வெளியே பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டு வேகத்தைத் தின்னும். சிறிய கலம் என்றால் கரையேற்றி, ஒரு பக்கமாகச் சாய்த்து, சுரண்டி, தாரடித்து, மறுபக்கம் புரட்டலாம். நூறு பீரங்கிகளைச் சுமக்கும் போர்க்கப்பலை அப்படிச் சாய்ப்பது பெரும்பாடு. கயிறு அறுந்தாலோ எடை ஒருபக்கம் கூடினாலோ கப்பலே போய்விடும்.

இதற்கு மனிதர் கண்ட வழி உலர்துறை. துறைமுகக்காரர்கள் டிரை டாக் என்பார்கள். கரையைக் குடைந்து கப்பல் நுழையும் அளவுக்கு ஒரு தொட்டி. கடலை நோக்கி ஒரு கதவு. ஓதம் ஏறியிருக்கும்போது கப்பலை உள்ளே இழுத்து, கதவை அடைத்து, தண்ணீரை வெளியேற்றிவிட்டால் கப்பல் கட்டைகளின்மேல் அமர்ந்துவிடும். அடிப்பலகை முழுவதும் கைக்கு எட்டும். பலகை இடுக்கில் சணலைத் திணித்துக் கலப்பத்து அடிக்கலாம், இற்றுப்போன பலகையைப் பெயர்த்துப் புதிதாக அறையலாம்.

தொழிற்புரட்சிக் காலத்துக் கப்பல் தளம் உருவான கதையைப் பலரும் இரும்பில் தொடங்குகிறார்கள். மரம் போய் இரும்பு வந்தது, பாய் போய் நீராவி வந்தது, அதனால் தச்சர் தளம் தொழிற்சாலை ஆனது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். தளங்களுக்குள் எந்தச் சாதனம் எப்போது வந்தது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்தக் கதை நிற்பதில்லை. நீராவி எந்திரம் கப்பல்களில் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கப்பல் தளத்துக்குள் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது உலர்துறையில் தேங்கிய தண்ணீர்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் ஏழாம் ஹென்றி மன்னர் கட்டவைத்த உலர்துறை 1495இல் தொடங்கி அடுத்த ஆண்டு முடிந்தது. மரத்தாலான பக்கங்கள், வாயிலில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கதவுகள், அவற்றுக்கு நடுவே களிமண்ணும் சரளையும் கொட்டி நீரைத் தடுத்தார்கள். ஒரு கப்பலை வெளியே விடவேண்டுமென்றால் அந்த மண் முழுவதையும் ஆட்கள் தோண்டி எடுக்கவேண்டும். அடுத்த கப்பல் நுழைந்ததும் மறுபடி கொட்டவேண்டும். அங்கே முதலில் ஏறிய கப்பல்களில் ஒன்று ‘சவரின்’.

அடுத்த பெரிய மாற்றத்துக்கு இருநூறு ஆண்டுகள் ஆயின. அதைச் செய்தவர் எட்மண்ட் டம்மர் என்ற கடற்படை அளவையர். 1690களில் பிளிமத்திலும் போர்ட்ஸ்மத்திலும் அவர் கட்டிய துறைகள் கல்லால் ஆனவை. அவற்றின் பக்கச்சுவர் செங்குத்தாக இல்லாமல் படிப்படியாக இறங்கியது. இது அழகுக்காகச் செய்ததல்ல. நீர் வடிந்ததும் கப்பல் பக்கவாட்டில் சாயாமல் இருக்க இருபுறமும் முட்டுக்கட்டைகள் கொடுக்கவேண்டும். செங்குத்துச் சுவர் என்றால் நீண்ட மரங்கள் வேண்டும்; படி இருந்தால் குட்டையான மரங்களே போதும். தச்சர்கள் அந்தப் படிகளில் நின்றே கப்பலின் வளைவை எட்டி வேலை செய்தார்கள். கதவையும் இரண்டு இலைகளாக்கி எளிதாகத் திறந்து மூடச்செய்தார். பிளிமத்தில் அவர் ஒரு துறையோடு நிற்கவில்லை. கிடங்கு, கயிற்றுச்சாலை, அதிகாரிகளின் வீட்டு வரிசை எல்லாவற்றையும் ஒரே திட்டமாக வரைந்தார். பொருள் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்ற கேள்வியிலிருந்து ஒரு தளத்தைத் திட்டமிட்ட ஆரம்பகால மனிதர்களில் அவர் முக்கியமானவர். கடன்பட்டு, சிறையில், 1713இல் இறந்தார்.

படிக்கட்டுத் துறைகளை அட்லாண்டிக் கரையில் கட்டியவர்களுக்குப் பெரிய துணை ஒன்று இருந்தது: ஓதம். துறையின் தரையை வற்றுநீர் மட்டத்துக்குச் சற்று மேலே அமைத்துவிட்டால், கடல் வற்றும்போது தண்ணீர் மதகு வழியே தானாக வடிந்துவிடும். அடியில் எஞ்சும் கொஞ்சம் நீரைக் குதிரைகள் சுற்றும் சங்கிலி ஏற்றங்களால் இறைத்துவிடலாம். கப்பல்கள் பெரிதாகப் பெரிதாகத்தான் சிக்கல் வந்தது. ஆழமாக மிதக்கும் கப்பலுக்கு ஆழமான துறை வேண்டும். ஆழமான துறையின் தரை வற்றுநீருக்கும் கீழே போய்விடும். அப்போது கடல் உதவாது. முழுத் தொட்டியையும் இறைத்தே ஆகவேண்டும்.

ஓதமே இல்லாத கடல்களில் இந்தச் சிக்கல் முதல் நாளிலிருந்தே இருந்தது.

பால்டிக் கடற்கரையில் சுவீடனின் கார்ல்ஸ்குரோனா தளத்துக்காகக் கிறிஸ்டோபர் போல்ஹெம் 1724இல் முடித்த துறை பாறையைக் குடைந்து செய்யப்பட்டது. மத்தியதரைக் கடலோரம் பிரான்சின் தூலோனில் ஈரமண் கரையில் குழி தோண்டவே முடியவில்லை. அங்கே அந்துவான் குரோய்ஞார் என்ற பொறியாளர் 1774இல் துணிந்து ஒரு காரியம் செய்தார். கப்பலைவிடப் பெரிய மரப்பெட்டி ஒன்றை மிதக்கவிட்டுக் கட்டி, வேண்டிய இடத்தில் மூழ்கடித்து, அதற்குள் நீரை இறைத்து, அந்த வறண்ட இடத்தில் கல்கட்டுமானத்தை எழுப்பினார். 1778இல் துறை தயாரானது. நீருக்குள் அடித்தளம் போடும் கலையில் அது ஒரு பெரிய பாய்ச்சல். அந்தத் துறையை இறைத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்: தூலோன் தளத்தில் சங்கிலியிட்டு வைக்கப்பட்டிருந்த தண்டனைக் கைதிகள். ஸ்பெயினின் கார்த்தகேனாவிலும் அதே நிலை. அங்கே அடிமைகளும் கைதிகளும் இரவு பகலாக ஏற்றங்களை இயக்கினார்கள். பலர் அந்த வேலையிலேயே செத்தார்கள்.

கார்த்தகேனாவில்தான் விடையும் முதலில் வந்தது. சுரங்கங்களில் நீர் இறைப்பதற்காக இங்கிலாந்தில் பரவியிருந்த நியூகமன் வகை எந்திரத்தை, ஹோர்ஹே ஹுவான் என்ற கடற்படை அறிஞரின் முயற்சியால், 1770களில் அந்தத் துறையருகே நிறுவினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ரஷ்யாவின் கிரோன்ஷ்டாட் தளத்துக்கு ஜான் ஸ்மீட்டன் ஓர் எந்திரத்தை வடிவமைத்தார். ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலை அதை வார்த்து அனுப்பியது. அதுவரை அங்கே காற்றாலைகள்தான் இறைத்துக்கொண்டிருந்தன. காற்று வீசும்போதுதான் துறை வறளும்.

சுரங்கத்துக்காகப் பிறந்த எந்திரம் இப்படிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. ஸ்பெயினிலும் ரஷ்யாவிலும் அது இறைப்பதோடு நின்றது. இறைத்து முடித்த எந்திரம் மீதி நேரத்தில் சும்மா நிற்கிறதே என்று கேட்டவர் சாமுவேல் பெந்தாம்.

தத்துவவாதி ஜெரமி பெந்தாமின் தம்பி இவர். கப்பல் தச்சராகப் பயிற்சி பெற்று, ரஷ்யாவுக்குப் போய் இளவரசர் பொத்தெம்கினின் பண்ணைகளில் தொழிற்கூடங்கள் நடத்தித் திரும்பியவர். 1796இல் பிரித்தானியக் கடற்படை அவரைக் கட்டுமானப் பணிகளின் தலைமை ஆய்வாளராக நியமித்தது. போர்ட்ஸ்மத்தில் அப்போது பழைய நீர்த்தேக்கம் ஒன்றை விரிவாக்கி, அதைச் சுற்றிப் புதிய துறைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். எப்போதும் நீர் நிரம்பி நிற்கும் தேக்கத்திலிருந்து துறைகளுக்குள் கப்பல் நுழைவதால் எந்த நேரத்திலும் ஏற்றி இறக்கலாம். ஆனால் எல்லாத் துறைகளையும் இறைக்கவேண்டும். பெந்தாம் துறைகளின் நீரை மதகுகள் வழியே ஒரு நிலத்தடித் தொட்டியில் விழச்செய்து, அங்கிருந்து ஒரே இடத்தில் மேலேற்றினார். தொட்டியைத் திறந்து விடாமல் செங்கல் வளைவுகளால் மூடி, மேலே கிடைத்த இடத்தில் கட்டடம் எழுப்பினார்.

1799இல் அங்கே முதல் நீராவி எந்திரம் வந்தது. அதைச் செய்தவர் ஜேம்ஸ் சாட்லர். ஆக்ஸ்போர்டில் பலகாரக் கடைக் குடும்பத்தில் பிறந்து, 1784இல் வெப்பக்காற்றுப் பலூனில் பறந்த முதல் ஆங்கிலேயர் என்று பெயர் வாங்கியவர்! மரமும் தாரும் சணலும் குவிந்து கிடக்கும் தளத்துக்குள் அடுப்பு எரியும் எந்திரமா என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த அச்சம் நியாயமானதுதான். பெந்தாம் விடவில்லை. எந்திரம் இரவில் துறைகளை இறைத்தது; பகலில் அதே எந்திரம் மரம் அறுக்கும் வாள்களை ஓட்டியது. விரைவிலேயே போல்டன்–வாட் நிறுவனத்தின் இன்னோர் எந்திரமும் பக்கத்தில் நின்றது.

இந்த இடத்தில்தான் கப்பல் தளம் தொழிற்சாலையாக மாறியது என்று உறுதியாகச் சொல்லலாம். எந்திர ஆற்றல் ஒருமுறை வந்து நிலைகொண்டுவிட்டால் அதைச் சுற்றி வேலைகள் தாமாகத் திரளும். பழைய செப்புத் தகடுகளை உருக்கித் திரும்பத் தகடாக்கும் ஆலை போர்ட்ஸ்மத்தில் வந்தது. 1761இல் ‘அலாரம்’ என்ற கப்பலில் சோதித்த பிறகு, கப்பலின் அடியில் செப்புத் தகடு வேய்வது 1780 வாக்கில் கடற்படை முழுவதும் பரவியிருந்தது. புழுத் தொல்லை தீர்ந்தாலும், செம்புக்கும் இரும்பு ஆணிக்கும் ஒத்துப்போகவில்லை. உப்புநீரில் இரும்பு அரித்தது. தகடுகளைக் கழற்றி மாற்றக் கப்பல்கள் துறைக்கு வந்தபடியே இருந்தன, கழற்றிய செம்பும் மலையாகக் குவிந்தது. துறைமுகச் சேற்றை அள்ள நீராவித் தூர்வாரி 1802இல் வந்தது. துறையின் வாயிலிலும் பெந்தாம் கைவைத்தார். இலைக்கதவுக்குப் பதிலாக, படகு போன்ற மிதக்கும் கதவு ஒன்றை வாயிலின் காடியில் நிறுத்தி, அதற்குள் நீரை நிரப்பி மூழ்கச்செய்தார். நீரை வெளியேற்றினால் மிதக்கும், ஓரமாக இழுத்துவிடலாம். மூடியிருக்கும்போது அதன்மேல் வண்டி போகும் பாலமாகவும் பயன்பட்டது.

வாயிலின் அடித்தளத்தில் அவர் தலைகீழ் வளைவுகளைக் கட்டினார். அதன் காரணத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் உலர்துறை வடிவமைப்பின் உயிர்நாடி அது. துறை நிரம்பியிருக்கும்போது சுவரை உள்ளிருந்து நீர் தாங்கிக்கொள்ளும். காலியானதும் சுற்றியுள்ள மண்ணின் ஈரமும் நிலத்தடி நீரும் வெளியிலிருந்து நெருக்கும். தரையைக் கீழிருந்து மேலே தள்ளும். காலித் துறை, மண்ணில் புதைத்துவைத்த குடம் போல, மிதந்து எழத்தான் பார்க்கும். அதனால் தரை கனமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் மேல்நோக்கிய அழுத்தத்தைப் பக்கச்சுவர்களுக்குக் கடத்தும் வளைவாக இருக்கவேண்டும். வெளியே இருந்து பார்ப்பவர் கண்ணில் படாத இந்தக் கணக்கில்தான் பல துறைகள் வெற்றி பெற்றன, சில விரிசல் விட்டன.

கப்பிகளின் கதை நிலத்தடித் தொட்டியின் மேல் எழுந்த கட்டடத்தில்தான் நடந்தது. பாய்க்கப்பலின் ஒவ்வொரு கயிறும் ஒரு கப்பியின் வழியாக ஓடவேண்டும். 74 பீரங்கிக் கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கப்பிகள் தேவைப்பட்டன. கடற்படை முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம். மரக்கூடு, அதற்குள் சுழலும் கடினமரச் சக்கரம், நடுவில் அச்சு. பார்க்க எளிய பொருள். ஆனால் சக்கரம் சிக்கினால் புயலில் பாயை இறக்கமுடியாது.

பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி அமெரிக்கா போய், அங்கிருந்து 1799இல் இங்கிலாந்துக்கு வந்த மார்க் புரூனெல் கப்பி செய்யும் எந்திரங்களை வரைந்து வைத்திருந்தார். பெந்தாமும் அதேபோன்ற எந்திரங்களைத் தாமே செய்யும் எண்ணத்தில் இருந்தார். புரூனெலின் திட்டத்தைப் பார்த்ததும் அது தம்முடையதைவிடச் சிறந்தது என்று சொல்லி, 1802இல் அதைக் கடற்படைக்குப் பரிந்துரைத்தார். எந்திரங்களை உலோகத்தில் செய்து தந்தவர் ஹென்றி மோட்ஸ்லி. துளையிட ஒன்று, நீள்துளை செதுக்க ஒன்று, மூலை அறுக்க ஒன்று, ஒரு சக்கரத்தில் பத்துக் கப்பிகளைப் பூட்டி ஒரேசேரப் புறவளைவு சீவ ஒன்று என்று வேலையைப் பிரித்து, மூன்று அளவுகளில் சுமார் 45 எந்திரங்கள். நிலத்தடித் தொட்டியின் மேலிருந்த இரண்டு கட்டட வரிசைகளுக்கு நடுவே கூரை போட்டு அவற்றை நிறுத்தினார்கள். 1808இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் வெளிவந்தன. 110 கைத்திறன் வல்லுநர்கள் செய்த வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்தார்கள். முழுக்க உலோகத்தால் ஆன, ஒன்றுக்கொன்று தொடர்புடைய எந்திரங்களால் ஒரே பொருளைப் பெருமளவில் செய்த முதல் ஆலை என்று இதைத் தொழில் வரலாற்றாசிரியர்கள் கொண்டாடுகிறார்கள். ஓராண்டு மிச்சமான தொகையைப் புரூனெலுக்குச் சன்மானமாகத் தருவதென்று முடிவாகி, 17,000 பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். அந்தப் பணமும் போதாமல் 1821இல் கடனுக்காக அவரும் சிறைக்குப் போனார்.

அந்த 110 பேர் என்ன ஆனார்கள்? பெருமையோடு இந்த எண்ணைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தளத்துத் தச்சர்களின் வாழ்க்கையில் அதே ஆண்டுகளில் வேறொரு மாற்றமும் வந்தது. மூன்றடிக்குக் குறைந்த மரத்துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போகும் உரிமை அவர்களுக்குத் தலைமுறைகளாக இருந்தது. நல்ல மரத்தையும் அந்த அளவுக்கு அறுத்து எடுத்துப்போகிறார்கள் என்று நிர்வாகம் குற்றம் சொன்னது. 1801இல் அந்த உரிமை நிறுத்தப்பட்டு, கூலியோடு சில பென்ஸ் சேர்த்துத் தரப்பட்டது. எந்திரமும் கணக்குப் புத்தகமும் சேர்ந்துதான் தளத்துக்குள் வந்தன. பெந்தாமின் பதவியும் நிலைக்கவில்லை. பழைய நிர்வாகத்தோடு மோதிக்கொண்டே இருந்தவரின் பணியிடத்தை 1812இல் இல்லாமலாக்கினார்கள்.

புரூனெல் அடுத்து இங்கிலாந்தின் சாதம் என்ற ஊரின் கடற்படைத் தளத்தில் நீராவி மரமறுப்பாலை அமைத்தார். ஆற்றில் மிதந்துவரும் மரங்களை நிலத்தடிக் கால்வாய் வழியே உள்ளே கொண்டுவந்து, மேலே தூக்கி, வாள்களுக்கு நேராகச் சேர்க்கும் ஏற்பாடு அது. வாள்கள் வேகமாக ஓடியதைவிட, மரம் தானே வாளைத் தேடி வந்ததுதான் அதில் புதுமை. அதே சாதத்தின் கயிற்றுச்சாலை 346 மீட்டர் நீளமுள்ள ஒரே கூடம். கயிற்றின் நீளத்துக்குத் தக்கபடி கட்டடம் நீண்டே ஆகவேண்டும் என்பதால் அந்தக் காலத் தளங்களின் வரைபடத்தில் முதலில் கண்ணில் படுவதே கயிற்றுச்சாலைதான்.

இனி மும்பை. இங்கே கடல் தச்சரின் பக்கம் இருந்தது. பெருஓதத்தின்போது நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நீர், துறையில் பெரும்பாதி வேலையைத் தானே செய்தது. சூரத்திலிருந்து 1736இல் வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவும் அவருக்குப் பின் வந்தவர்களும் தலைமைத் தச்சர்களாக இருந்த தளம் இது. 1750இல் இங்கே எழுந்த உலர்துறை ஆசியாவிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. டங்கன் துறை 1811 வாக்கில் முடிந்தது. கப்பலைச் சாய்தளத்திலிருந்து நழுவவிடாமல் துறைக்குள்ளேயே கட்டி நீரை விட்டு மிதக்கவிட்டார்கள். ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா 1810இல் முடித்த ‘மிண்டன்’ பிரித்தானியக் கடற்படைக்கு இந்தியாவில் கட்டிய முதல் பெரிய போர்க்கப்பல். 1813இல் வந்த ‘கார்ன்வாலிஸ்’ கப்பலில்தான் 1842இல் சீனாவோடு நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது.

இந்த வரிசையில் தமிழ் வாசகர் அறியவேண்டிய கப்பல் ‘டிரிங்கோமலி’. 1782இல் திருகோணமலைக்கு அப்பால் நடந்த கடற்போரின் நினைவாகப் பெயர் பெற்றது. அதன் வரைபடங்களைச் சுமந்துவந்த ‘ஜாவா’ என்ற கப்பல் 1812இல் அமெரிக்கரிடம் சிக்கியதால், இன்னொரு படி அனுப்பவேண்டியிருந்தது. மலபார்த் தேக்கில் கட்டி 1817 அக்டோபரில் மிதக்கவிட்டார்கள். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது நீரில் மிதக்கிறது. ஓக் மரத்தின் துவர்ப்பு இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அதைக் காக்கும். மும்பைத் தச்சர்களின் கைத்திறன் போர்ட்ஸ்மத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. மரத்தைப் பொறுத்தவரை அவர்கள் கை ஓங்கியே இருந்தது.

அப்படியென்றால் மும்பை ஏன் அடுத்த கட்டத்துக்குத் தலைமை ஏற்கவில்லை? 1829இல் அங்கே கட்டிய ‘ஹியூ லிண்ட்சே’ விடை சொல்கிறது. அடுத்த ஆண்டு மும்பையிலிருந்து சூயஸுக்கு நீராவியில் போன கப்பல் அது. உடலைக் கட்டியது வாடியாக்கள். எந்திரம் வந்தது லண்டனிலிருந்து, அதே மோட்ஸ்லியின் நிறுவனத்திலிருந்து. வாடியா குடும்பம் இந்த ஆபத்தைத் தெளிவாகவே உணர்ந்தது. ஜஹாங்கீர் நவ்ரோஜி, ஹிர்ஜிபாய் மெர்வான்ஜி என்ற இரண்டு இளைஞர்கள் 1838இல் இங்கிலாந்து சென்று சாதம் தளத்தில் கப்பல்கட்டும் கலை பயின்று, தங்கள் அனுபவத்தை 1841இல் நூலாக வெளியிட்டார்கள். அர்தசீர் கர்செட்ஜி அதே ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான முதல் இந்தியர் ஆனார். மும்பை நீராவித் தொழிற்கூடத்தின் தலைமைப் பொறியாளராக அமர்ந்து, ஐரோப்பியத் தொழிலாளர்களை மேற்பார்த்தார். அறிவுக்கும் ஆர்வத்துக்கும் குறைவே இல்லை. எந்தக் கப்பலை எங்கே கட்டுவது, எந்திர ஆலைக்கு எவ்வளவு பணம் என்ற முடிவுகள்தாம் அவர்கள் கையில் இல்லை. அவை லண்டனில் எடுக்கப்பட்டன.

லண்டனிலும் பிரிஸ்டலிலும் கப்பல் உருவம் மாறிக்கொண்டிருந்தது. மார்க் புரூனெலின் மகன் இசம்பார்டு புரூனெல், ‘கிரேட் பிரிட்டன்’ என்ற 98 மீட்டர் இரும்புக் கப்பலுக்காகப் பிரிஸ்டலில் தனியே ஓர் உலர்துறை கட்டச்செய்து, 1839இல் அதற்குள் வேலையைத் தொடங்கினார். அந்தக் கப்பலின் துடுப்புச் சக்கரத்துக்குத் திட்டமிட்ட அச்சு எவ்வளவு பருமன் என்றால், அதை அடித்து உருவாக்கக்கூடிய சம்மட்டி உலகில் எங்கும் இல்லை. சிக்கலைக் கேள்விப்பட்ட ஜேம்ஸ் நாஸ்மித், மோட்ஸ்லியிடம் தொழில் கற்றவர், நீராவிச் சம்மட்டியை வரைந்தார். நீராவி தூக்க, எடை விழ, அடியின் வலிமையை ஒரு நெம்புகோலால் கூட்டிக் குறைக்கலாம். பிறகு துடுப்புச் சக்கரத்தைக் கைவிட்டுத் திருகு விசிறிக்கு மாறியதால் அந்த அச்சே தேவைப்படாமல் போனது. சம்மட்டி மட்டும் நின்றது. இரும்புக் கப்பல் தளம் ஒவ்வொன்றுக்கும் அது இன்றியமையாத சாதனம் ஆனது.

1843இல் ‘கிரேட் பிரிட்டன்’ துறையிலிருந்து அமைதியாக மிதந்து வெளியேறியது. அதே புரூனெலின் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ அப்படி வெளியேறவில்லை. 211 மீட்டர் நீளக் கப்பலுக்கு உலர்துறை கட்டுவது கட்டுபடியாகாது என்று தேம்ஸ் கரையில் திறந்தவெளியில் கட்டி, பக்கவாட்டாக ஆற்றுக்குள் தள்ள முயன்றார்கள். 1857 நவம்பர் 3இல் தொடங்கிய முயற்சி உயிர்ப்பலி வாங்கியது. நீரழுத்த உந்திகளைக் கொண்டு அங்குலம் அங்குலமாகத் தள்ளி, 1858 ஜனவரி 31இல்தான் கப்பல் மிதந்தது. துறை கட்டாமல் மிச்சம்பிடித்த பணத்தைவிடப் பலமடங்கு செலவு கட்டியவர்கள் தலையில் விழுந்தது. கப்பல் பெரிதாகும்போது துறையைச் சுருக்கலாம் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இத்தனை அனுபவத்தையும் ஒரே கட்டாக வாங்கிய நாடு ஜப்பான். சோகுன் என்ற படைத்தலைவரின் ஆட்சியில் நிதிப் பொறுப்பில் இருந்த ஓகுரி ததாமசா, நாட்டிலேயே போர்க்கப்பல் கட்டவும் பழுதுபார்க்கவும் தளம் வேண்டும் என்று 1864இல் முடிவெடுத்தார். பிரெஞ்சுத் தூதர் லெயோன் ரோஷ் வழியாக வந்து சேர்ந்தவர் இருபதுகளின் இறுதியில் இருந்த பொறியாளர் பிரான்சுவா லெயோன்ஸ் வெர்னி. தூலோனை நினைவூட்டும் வளைகுடா என்பதால் யோகோசுகாவைத் தேர்ந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு 24 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டு 1865இல் வேலை தொடங்கியது. குன்றை வெட்டிக் கடலைத் தூர்த்தார்கள். செங்கல்லை அங்கேயே சுட்டார்கள்.

யோகோசுகாவுக்கு முதலில் வைத்த பெயரே இரும்பாலை என்பதுதான். இங்கிலாந்தில் துறை முன்னே வந்து அதைச் சுற்றி ஆலை வளர்ந்தது. இங்கே உலைக்கூடமும் வார்ப்படமும் சம்மட்டியும் துறையோடு ஒரே வரைபடத்தில் பிறந்தன. 1865இல் நெதர்லாந்தில் செய்த நீராவிச் சம்மட்டிகள் வந்திறங்கின. அவற்றில் 3 டன் சம்மட்டி 1990கள் வரை வேலை செய்தது. நாஸ்மித் பிரிஸ்டல் கப்பலுக்காக வரைந்த எண்ணம் இங்கே நங்கூரச் சங்கிலிகளையும் எந்திர உறுப்புகளையும் அடித்துக்கொண்டிருந்தது. முதல் உலர்துறையை 1867இல் எரிமலைக் கல்லால் எழுப்பத் தொடங்கினார்கள். நடுவே 1868இல் ஆட்சியே கவிழ்ந்தது. ஓகுரியைப் புதிய ஆட்சியின் படைகள் பிடித்துத் தலைவெட்டின. அவர் தொடங்கிய தளத்தைப் புதிய அரசு கைவிடவில்லை. 1871இல் துறை திறந்தது.

வெர்னி தளத்துக்குள்ளேயே பள்ளியும் நடத்தினார். பிரெஞ்சு மொழியில் கணக்கும் வரைபடமும் கற்றவர்களில் சிலர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார்கள். 1875இல் யோகோசுகாவில் மிதக்கவிட்ட ‘செய்கி’ ஜப்பானிலேயே கட்டிய போர்க்கப்பல். 1878இல் அது ஐரோப்பாவரை போய் வந்தது. அடுத்த ஆண்டுகளில் வெளிநாட்டுப் பொறியாளர்களின் தேவை குறைந்துகொண்டே போனது. வெர்னி 1876இலேயே ஊர் திரும்பியிருந்தார்.

மும்பையையும் யோகோசுகாவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். காலம் வேறு, கப்பல் வேறு. ஆனாலும் அர்தசீர் கர்செட்ஜியும் யோகோசுகாவின் பிரெஞ்சு வகுப்பு மாணவர்களும் அறிவில் சமமானவர்கள். ஒருவருக்குப் பின்னால் எந்திர ஆலை கட்டித்தர அரசு இல்லை. மற்றவர்களுக்குப் பின்னால் இருந்தது. இந்த வேறுபாட்டைச் சாதனப் பட்டியலுக்கு வெளியே தள்ளிவிட்டுத் தளங்களின் வரலாற்றை எழுதவே முடியாது.

டங்கன் துறை இன்றும் மும்பைக் கடற்படைத் தளத்துக்குள் பயன்பாட்டில் இருக்கிறது. யோகோசுகாவின் முதல் துறையும் அமெரிக்கக் கடற்படைத் தளத்தின் எல்லைக்குள் வேலை செய்கிறது. அதன் நீராவிச் சம்மட்டிகள் வெர்னி நினைவு அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. ரஷ்யக் கடற்படையை 1905இல் சுஷிமாவில் வென்ற தளபதி டோகோ, 1912இல் ஓகுரியின் குடும்பத்தாரை வீட்டுக்கு அழைத்து, அந்த வெற்றிக்கு யோகோசுகாத் தளமே காரணம் என்று நன்றி சொன்னார்.